ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி

“முன்வாசல் ஸ்லாபை இடிச்சாகணும்” என்றேன்.

புதுப் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. சுவரில் அடித்த வெள்ளை இன்னும் காயவில்லை. தலைவர் கோவர்த்தனன் காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அவருக்குப் பக்கத்தில் என் நைனா எத்திராஜ். தோள் துண்டை எடுத்து ஒருமுறை உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்று எனக்கு இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்னவர் வேதாச்சலம், சித்தூரில் எங்கள் டிசைன் பிரிவின் தலைவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார். போட்ட கான்கிரீட்டை இடி என்று டிசைன் பண்ணுகிறவன் சொல்லவே கூடாதாம். கவனிக்க வேண்டும் எனலாம், பரிசீலிக்க வேண்டும் எனலாம், பலப்படுத்த வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். இடி என்றால் எவனோ ஒருத்தன் தப்புப் பண்ணினான் என்று ஆகிவிடும். சர்க்கார் கட்டடத்தில் எவனும் தப்புப் பண்ணுவதில்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நீ பொம்பளைப் புள்ள வேற” என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஆள் நைனா. அவர் சொன்னது அன்று காலையில்தான்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது மெட்ராஸில் ஒரு கம்பெனியில் உத்தரம், தூண் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாம் கிலோவும் சென்டிமீட்டரும். என் கை இன்னும் பவுண்டில்தான் ஓடுகிறது. சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு என்று மனசுக்குள் போட்டுப் பார்த்து, சரி என்று பட்ட பிறகுதான் கிலோவுக்கு மாற்றுகிறேன். பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். பவுண்டில் கணக்குப் போட்ட அந்த ஒன்றரை வருஷத்தைப் போல இன்னொன்று எனக்கு வரப்போவதில்லை.

சித்தூர் ஆபீசில் எங்கள் பிரிவு மாடியில் இருந்தது. ஜன்னலோரமாக வரிசையாகச் சாய்மேஜைகள். ட்ரேசிங் துணியில் வியர்வை சொட்டினால் மசி ஊறிவிடும் என்று எல்லோரும் மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிரிண்ட் எடுக்கிற அறையிலிருந்து அம்மோனியா நெடி வந்து கண்ணில் குத்தும். முதல் வாரம் கண்ணீராகக் கொட்டியது. அழுகிறேன் என்று நினைத்து ரங்கன் என்ற ப்யூன் மோர் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த மோர் தினமும் வந்தது, கண் எரியாத நாளிலும். இன்று எங்கேயாவது அம்மோனியா வாசனை வந்தால் எனக்கு மோர் குடிக்கத் தோன்றுகிறது.

படம் வரைகிறவர்கள் பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள். நல்ல மனுஷர்கள், வாய்தான் சும்மா இருக்காது. ஆந்திரா–மெட்ராஸ் எல்லைக் கமிஷன், அவார்டு, மசோதா என்று பேப்பரில் தினம் ஒன்று வந்துகொண்டிருந்த காலம். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: “அம்மாயிகாரு, மீ ஊரு ஈ வாரம் ஏ ராஷ்ட்ரம்?” உங்கள் ஊர் இந்த வாரம் எந்த ராஜ்யம் என்று. “மத்தியானம் வரைக்கும் ஆந்திரா. சாயந்திரம் வந்து கேளுங்க” என்பேன். கோபமாகத்தான் சொல்வேன். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

எங்கள் ஊர் நகரிக்குத் தெற்கே, திருத்தணி ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முழுக்கத் தறிக்காரத் தெருக்கள். 1960 ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். அதுவரை சைக்கிளை எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போய் நூல் வாங்கி வந்தவர்கள், ஒரே ராத்திரியில் வேறு ராஜ்யத்துக்குப் போய்வருகிறவர்கள் ஆனார்கள். நைனா எங்கள் ஊரும் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர், போலீஸ் வண்டியில் ஏறினவர். ஏப்ரல் மாதம் முழுக்க யாரோடும் பேசவில்லை. தறியில் உட்கார்ந்தார், எழுந்தார், தின்றார், படுத்தார்.

எனக்கும் அந்தக் கோபம் உண்டு, ஆனால் அது பழைய கோபம். கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்திருக்க வேண்டியவள் நான். ஆந்திரா தனியாகப் பிரிந்ததால் அனந்தபூருக்குப் போனேன். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டின முதல் ஆள் நான்தான். அந்தக் காலேஜில் என் வகுப்பில் ஒரே பெண்ணும் நான்தான். இரண்டுக்கும் யாரும் மாலை போடவில்லை.

ஊர்க்காரர்கள் பயந்தது ஒன்றுக்குத்தான். இனிமேல் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குமா என்று. இருந்த பள்ளிக்கூடம் ஒரு பழைய நூல் கிடங்கில் நடந்துகொண்டிருந்தது. மழை வந்தால் லீவு. சிலர் பிள்ளைகளைப் பேசாமல் தெலுங்குப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கமிட்டி போட்டு, மனு கொடுத்து, சித்தூருக்கு நடையாக நடந்து, கடைசியில் கட்டடம் சாங்ஷன் ஆயிற்று. ஒரு நிபந்தனை: மார்ச்சுக்குள் முடித்துத் திறக்க வேண்டும். தவறினால் சாங்ஷன் போய்விடும், அடுத்த வருஷம் திரும்ப வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சின்ன வேலை என்பதாலும் என் ஊர் என்பதாலும் வேதாச்சலம் அதை என்னிடம் கொடுத்தார். வகுப்பறைகளின் ஸ்லாபையும் உத்தரங்களையும் ஒரு வாரத்தில் போட்டுவிட்டேன். முன்வாசல்தான் வேலை வைத்தது. வெயிலுக்கும் மழைக்கும் பிள்ளைகள் நிற்க ஒரு தாழ்வாரம் வேண்டும், ஆனால் முன்னால் தூண் நிறுத்த முடியாது. அந்த இடத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. கோவர்த்தனனின் அப்பா காலத்தில் கண்டதையும் கொட்டித் தூர்த்தது. அந்த மண்ணில் தூண் வைத்தால் தூண் கிணற்றுக்குள் போகும். எனவே சுவரிலிருந்து ஏழடி வெளியே, கை நீட்டினாற்போல, எதன் மேலும் நிற்காத ஸ்லாப். கான்டிலீவர்.

அந்தக் கணக்கை நான் போட்டது திருப்பதியில். இண்டர்மீடியட் படித்தபோது என்னோடு ஹாஸ்டலில் இருந்த மனோரமா அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். சனிக்கிழமைதோறும் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து அவள் அறைக்குப் போய்விடுவேன். கோவிந்தராஜர் கோயில் கோபுரம் ஜன்னலில் தெரியும். மொட்டையடித்த கூட்டம் தெருவில் போய்க்கொண்டே இருக்கும், தலையில் சந்தனம் காயக் காய. நான் ஸ்லைடு ரூலை நகர்த்தி எண்ணைச் சொல்வேன். அவள் கடலை உரித்துக்கொண்டே மனக்கணக்கில் சரிபார்ப்பாள். அநேகமாக என்னைவிட முந்திக்கொள்வாள்.

“ஏண்டி, மத்த ஸ்லாபுக்கெல்லாம் எட்டால வகுத்தே. இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?”

“மத்ததுக்கு ரெண்டு பக்கமும் சுவரு இருக்கு. இதுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். அதனால நாலு பங்கு கஷ்டம்.”

“ஒன்னிய மாரி” என்றாள். கடலைத் தோலை ஊதி என் காகிதத்தின் மேல் விட்டாள்.

அரை இஞ்ச் கம்பி, ஆறு இஞ்சுக்கு ஒன்று. சுவரோரத்தில் ஏழு இஞ்ச் கனம், முனையில் நாலு. கம்பி ஸ்லாபின் மேல்பக்கத்தில், ஒரே இஞ்ச் ஆழத்தில். எனக்கே எனக்கென்று நான் செய்த முதல் கான்டிலீவர் அது. அந்தச் சனிக்கிழமை மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இன்றுவரை.

படத்தை நைனாவிடம் காட்டினேன். கம்பி நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே கட்டுவது ஊடை என்றேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தறியில் விரல் வைத்து நூலை எண்ணுகிற மாதிரி படத்தில் விரல் வைத்து எண்ணினார். எதற்குப் பாவு மேலே இருக்கிறது, நடுவில் இருந்தால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் தெருவெல்லாம் போய், என் பொண்ணு இரும்புல நெய்றா என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஸ்லாப் போட இருந்த நாள் வந்தது. முன்வாசல் கம்பி கட்டி முடிந்து, மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சின்னச் சின்னக் கம்பி நாற்காலிகளை நானே வரிசையாக வைத்தேன். ஆள் நடக்கப் பலகை போட வேண்டும், கம்பி மேல் கால் படக் கூடாது, முன்வாசலை நான் வராமல் தொடக் கூடாது என்று மேஸ்திரி நாகபூஷணத்திடம் மூன்று தடவை சொன்னேன். அன்று காலை திருப்பதியில் பெரிய ஆபீசர் முகாம் போட்டிருந்தார். ஒரு மதகுப் படத்தை எடுத்துக்கொண்டு உடனே வரும்படி வேதாச்சலம் ஆள் அனுப்பினார். போனேன்.

சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எதிரே வந்தவள் கன்னியம்மாள். எங்கள் பின்தெருவில் தறி போட்டிருந்தவள், ஊரிலேயே பெரிய தொண்டை. தலையிலும் புடவையிலும் சிமெண்டு.

“நீ இல்லாம பூட்டியே, தாட்சா. இன்னா கூட்டம் தெரியுமா. ஊரே வந்திச்சி.”

“எதுக்கு?”

“வூட்டுக்கு ஒரு சட்டி.”

அது எங்கள் ஊர் வழக்கம். கங்கையம்மன் கோயில் மண்டபம் கட்டியபோது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஒரு சட்டிச் சுண்ணாம்புக் கலவையைச் சுமந்துபோய்த் தன் கையால் கொட்டினார்களாம், கல்லின் மேல் வெறுங்காலோடு நடந்து. மண்டபம் ஊருடையது என்று அதற்குப் பொருள். கல்லுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. திருத்தணி அந்தப் பக்கம் போன வருஷத்தில் தங்களுக்கென்று கிடைத்த பள்ளிக்கூடத்துக்கு அந்த மரியாதையைச் செய்யாமல் விடுவார்களா? பஞ்சாங்கத்தில் அன்றைக்கு விட்டால் நல்ல நேரம் இல்லை என்றிருக்கிறது. நாகபூஷணம் தடுத்துப் பார்த்திருக்கிறார். கோவர்த்தனன், மேளம் வைத்தாயிற்று, நீ இன்னா பேசுற என்றிருக்கிறார்.

“பலகை போட்டாங்களா?” என்றேன்.

“பலகையா? சாமி காரியத்துல செருப்புப் போட்டுக்கினு நடக்கற மாரி இருக்குமே அது. வெறுங்காலுலதான் போனோம். நான் முனை வரைக்கும் போயி கொட்டனேன். கம்பி கால கடிச்சிச்சி, பரவால்ல.” தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு பெருமை.

நான் ஓடினேன். ஸ்லாப் போட்டு முடிந்து, மேலே மட்டம் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நடுவில் ஒரு பூச்சரம் வைத்திருந்தார்கள். கான்கிரீட் இறுகிவிட்டிருந்தது. கம்பி எப்படி இருந்தது என்று நாகபூஷணத்தைக் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அவரையே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேலே வரச் சொன்னேன். சுவரோரமாக, இழுவிசை அதிகம் வருகிற இடத்தில், சின்னதாக ஒரு குழி தோண்டச் சொன்னேன். ஒரு இஞ்சில் கம்பி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. இரண்டு இஞ்ச். இல்லை. நாகபூஷணம் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தோண்டுங்க என்றேன். நாலு இஞ்ச் நெருங்கும்போதுதான் உளி கம்பியில் மோதியது. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தோம். ஒன்றில் அதைவிடக் கீழே. நான் வைத்த நாற்காலிகளை ஊர் முழுக்க மிதித்து மடக்கியிருந்தது.

“நாற்காலி மடங்கறப்ப சத்தம் கேட்டிச்சிம்மா” என்றார் நாகபூஷணம். “மேளத்துல யாருக்கும் காதுல வியல. எனக்கு வியுந்திச்சி. அத்தன பொம்பளைங்கள இறங்குன்னு எப்டி சொல்றது?”

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்லாபின் சொந்த எடையை மட்டும் எடுத்தால் கம்பி தாங்கும். அதாவது, கீழே கொடுத்திருந்த சவுக்கு முட்டுகளை அகற்றினாலும் ஸ்லாப் நிற்கும். அதுதான் எனக்குப் பயம். உடனே விழுந்தால் யாரும் சாக மாட்டார்கள். இது நிற்கும்; கொஞ்சம் தொய்யும்; சுண்ணாம்பில் ஒரு மயிரிழை விரிசல் விடும், அதைப் பூசி மறைப்பார்கள். திருவிழாவில் சாமி ஊர்வலம் வரும். எங்கள் ஊரில் சாமி வந்தால் தட்டையாக எது இருந்தாலும் அதன்மேல் ஏறி நிற்பார்கள். மேலே ஒரு கூட்டம், கீழே நிழலுக்கு ஒதுங்கின பிள்ளைகள். அன்றைக்கு விழும்.

மறுநாள் சித்தூரில் வேதாச்சலத்திடம் சொன்னேன். என்னை நம்பாமல் தானே ஸ்லைடு ரூலை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நிக்கும் என்றார். எவ்வளவு நாளைக்கு சார் என்றேன். மெதுவாக, அன்பாகத்தான், வேறொரு வழி சொன்னார். முட்டு எடுக்க என் கையெழுத்து வேண்டும். நான் லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய்ச் சிநேகிதி வீட்டில் ஒரு வாரம் இருந்தால் வேறு யாராவது போட்டுவிடுவார்கள்.

“உன் பேரே அதுல வராதும்மா.”

“என் பேரு வரணும்னுதான் சார் படிச்சேன்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். அந்த ஆபீசில் எனக்கென்று ஒரு மேஜையை ஜன்னலோரமாகப் போட வைத்தவரே அவர்தான். எனக்கு இன்றும் அவர் மேல் முழுக்கக் கோபப்பட வராது. அரைக் கோபம்தான் வரும்.

கமிட்டி கூடுகிற அன்று காலை நைனாவும் நானும் சேர்ந்து நடந்து போனோம். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். நாங்கள் குனிந்து அதன் அடியில் நுழைந்து போனோம். கமிட்டியில் என்ன கேட்கப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. நாகபூஷணம் தோண்டிய குழிகளை ஊரே பார்த்திருந்தது.

“எத்த வேணா கேளு தாட்சா” என்றார். “இடின்னு மட்டும் கேக்காத. முன்வாசல இடிச்சாங்கன்னு சித்தூர்ல கேட்டா போதும், இந்தத் தமிழாளுங்களுக்கு ஒரு கட்டடம் கூட ஒழுங்கா கட்ட வராதுன்னு சொல்லி மூட்ட கட்டிடுவான். அப்புறம் ஒன் வயசுப் பொண்ணுங்க பெத்ததெல்லாம் அ, ஆ தெரியாம வளரும்.”

அவர் சொன்னது பொய் இல்லை.

வகுப்பறையில் நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்ட பிறகு முதலில் பேசியவர் கோவர்த்தனன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பொறுமையாக, சின்னக் குழந்தையிடம் கேட்கிற மாதிரி, ஸ்லாபுக்கு இன்னா வியாதி என்று கேட்டார்.

“கைய நீட்டி அதுல ஒரு குடத்த மாட்டிக்கங்க மாமா. எங்க இழுக்குது? தோளு மேல. கம்பி அங்க இருக்கணும். நம்மளுது அக்குள்ல கீது.”

யாரோ சிரித்தார்கள். ஒருவர், விழுகிறதாக இருந்தால் இத்தனை நாளில் விழுந்திருக்காதா என்றார். முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறோம், எப்படி விழும் என்றேன். இன்னொருவர், முன்னால் இரண்டு தூண் வைத்துவிட்டால் போகிறது என்றார். தூண் எதன் மேல் நிற்கும் என்று கேட்டேன். கிணறு ஞாபகம் வந்து அவர் வாயை மூடிக்கொண்டார். வகுப்பறைகளுக்கு ஒரு குறையும் இல்லை, முன்வாசல் இல்லாமல் திறந்துவிடுங்கள், பிறகு நானே நின்று மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். முழுக் கட்டடத்துக்கும் ஒரே சர்ட்டிபிகேட்தான், அரைக் கட்டடத்துக்குத் தர மாட்டார்கள் என்றார் கோவர்த்தனன். அதுவும் உண்மைதான். அந்த அறையில் யாரும் முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் நைனாவைப் பார்த்தேன்.

“நீ எங்க நின்ன நைனா? ஒன் சட்டிய எங்க கொட்டன?”

“முனையில” என்றார். “மொத சட்டி என்னுது.”

“கம்பி ஆடிச்சா?”

அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரியவில்லை என்றிருக்கலாம். என் நைனாவுக்குப் பொய் சொல்ல வராது. போலீஸ் வண்டியில் ஏற்றினபோதுகூடப் பொய் வராதவர்.

“ஆடிச்சி” என்றார். “ஊஞ்ச மாரி ஆடிச்சி. எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

“பாவு தொய்ஞ்சிப் போனா அதுக்கு மேல நெய்வியா?”

“நெய்ய மாட்டேன். அறுத்துட்டு வேற ஏத்துவேன்.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ஆனா தறி என்னுது. இது ஊருது. ஒவ்வொரு வூட்டுக் கையும் அதுல கீது, தாட்சா. அத்தினி பேரு கைய நீ ஒடிக்கச் சொல்ற. எனக்கு ஒத்துக்க முடியல.”

வெளியே பிள்ளைகள் சவுக்கு முட்டுகளுக்கு நடுவில் ஒளிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

கோவர்த்தனன் தொண்டையைச் செருமினார். நான் படித்த பெண் என்றும், ஊருக்கே பெருமை என்றும், ஆனால் வயசு போதாது என்றும் சொன்னார். பிறகு, சித்தூரில் பேசியாயிற்று என்றார். நான் ஒரு வாரம் லீவில் இருந்தால் போதுமாம். முட்டு எடுப்பது, சர்ட்டிபிகேட், திறப்பு விழா எல்லாம் அந்த வாரத்தில் முடிந்துவிடும். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. எனக்கும் இல்லை. திறப்பு விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்காரலாம். இதைச் சொல்லிவிட்டு, எல்லோரும் கை தூக்குங்கள் என்றார்.

கைகள் எழுந்தன. நைனாவின் கை கடைசியில் எழுந்தது, மெதுவாக, தோள் வலிக்கிறவர் போல. ஆனால் எழுந்தது.

அவர்கள் கை தூக்கி முடிவு செய்தது என் கையெழுத்தைப் பற்றி. ஸ்லாபைப் பற்றி நான் முடிவு செய்து அதற்குள் நேரமாகிவிட்டிருந்தது. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நாகபூஷணத்திடம் இரண்டு சம்மட்டியும் ஏணியும் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருந்தேன். நீ மொத அடி போடு, ரெண்டாவது நான் போடறேன் என்று மட்டும் சொன்னார். முட்டு இருக்கும்போதே மேலிருந்து உடைத்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. உடைந்த ஸ்லாபுக்கு எவராலும் சர்ட்டிபிகேட் தர முடியாது. வேலை போகும். அந்த வீட்டில் இனிமேல் எனக்குச் சோறு உண்டா என்று தெரியாது. பள்ளிக்கூடம் கையைவிட்டுப் போனால் அந்தப் பழியும் என் தலையில்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருந்தேன். வகுத்தும் பார்த்திருந்தேன்.

கமிட்டியிடம் கேட்டுத்தான் இடிக்கவேண்டும் என்றில்லை. ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டு செய்யட்டும் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்க நினைத்தேன். கேட்டாயிற்று.

எழுந்தேன். “எங்க போற?” என்றார் கோவர்த்தனன்.

“பசங்கள அங்கேருந்து தள்ளிப் போவச் சொல்றேன்” என்றேன். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தேன்.